குன்னூரிலிருந்து ஹாக்கி: டிவியா, மைதானமா?

2025 தொடக்கத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி ஹாக்கி இந்தியா லீக் அரையிறுதிக்குப் போனபோது, குன்னூரில் சித்தப்பா வீட்டு டிவிதான் எங்களுக்கு மைதானம். ஆட்டம் ஒடிசாவின் ரூர்கேலாவில், அவ்வளவு தூரம் யார் போவது? வெளியே பனி, கையில் தேநீரும் வர்க்கியும். பெனால்டி கார்னரில் (கோலுக்கு அருகே தவறு நடந்தால் எதிரணிக்குக் கிடைக்கும் அடி) பந்து யார் காலில் பட்டது என்பதை மெதுவாகத் திருப்பிக் காட்டுவார்கள். அந்த விஷயத்தில் டிவிதான் மேல். ஆனால் நான்காம் இடத்தோடு முடிந்தபோது, எங்கள் தெருவில் அந்த வருத்தத்தைப் பகிர ஆளில்லை. இங்கே கால்பந்தும் கிரிக்கெட்டும்தான் பேச்சு.

மைதானம் வேறு உலகம். அதே ஆண்டு டிசம்பர் 10, ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டம். மேட்டுப்பாளையம் இறங்கி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியும்போது சென்னை. எழும்பூர் அரங்கில் அர்ஜென்டினா 2-0 முன்னிலை. அப்புறம் கடைசி 11 நிமிடங்களில் இந்தியா அடித்தது நான்கு கோல்கள்! முன்பின் தெரியாத ஒரு அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பந்தில் மட்டை படும் அந்த ‘டக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

செலவு உண்டு, இரண்டு இரவுத் தூக்கமும் போகும். லீக் சுற்றுக்கு டிவி போதும். அரையிறுதி சென்னையில் என்றால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மலை இறங்கிவிடுவேன்.