ஏற்காட்டில் நான்கு வருடச் சிறுகோள் வேட்டை: முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாக, கூரையைத் தள்ளித் திறக்கும் தகரக் கொட்டகை. உள்ளே 8 அங்குலக் கண்ணாடி வைத்த நியூட்டோனியன் தொலைநோக்கியும் ஒரு கருப்பு வெள்ளை கேமராவும். பூமிக்குப் பக்கமாக வரும் சிறுகோள்களை நான்கு வருடமாக இதில்தான் படமெடுக்கிறேன். விசாரிக்கிறவர்கள் எல்லாரும் கண்ணாடி எத்தனை அங்குலம் என்றுதான் கேட்கிறார்கள். நான் கணினியின் கடிகாரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

முதல் வருடம் ஒரு பிசகு என்னை வாட்டி எடுத்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே மெதுவாக நகரும் சிறுகோள்கள் கணக்குப்படி சரியான இடத்தில் இருந்தன. வேகமானவை மட்டும் தங்கள் பாதையில் கொஞ்சம் முன்னே போய் நின்றன. பல வாரம் கண்ணாடியையும், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மலையில் இணையம் விட்டு விட்டு வந்ததில் கடிகாரம் இரண்டு விநாடி பின்தங்கியிருந்தது. நிமிடத்துக்கு 60 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) ஓடும் கல்லுக்கு அது இரண்டு ஆர்க் செகண்ட் பிழை. அந்த அளவீட்டை அனுப்பினால் சுற்றுப்பாதைக் கணக்கே கெடும். ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து நேரம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிம்மதி. அப்புறம்தான், உலகெங்கும் இருந்து சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் அமெரிக்காவின் மைனர் பிளானட் சென்டருக்குத் தைரியமாக அளவீடுகளை அனுப்பினேன்.

வேகமான கல்லை நீண்ட நேரம் எடுத்தால் கோடாக இழுத்துவிடும். இரண்டு இரண்டு விநாடியாக நூற்றுக்கணக்கில் எடுத்து, அதன் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்பப் படங்களை நகர்த்தி அடுக்க வேண்டும். நட்சத்திரங்கள் கோடாகும், மங்கலான கல் புள்ளியாக மேலெழும். முதல் தடவை அந்தப் புள்ளியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் அருமை. மழைக்காலத்தில் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். கண்ணாடியில் பனி படியாமல் லேசாகச் சூடாக்கும் டியூ ஹீட்டர் இல்லாமல் இங்கே வேலை நடக்காது. தென்மேற்கில் சேலத்தின் வெளிச்சம் இருப்பதால் அந்தப் பக்கம் தாழ்வாக இருப்பவற்றை விட்டுவிடுகிறேன்.

2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3 சதவீதத்தைத் தாண்டியது. மேலும் அளந்த பிறகுதான் அந்த அச்சம் நீங்கியது. அந்தப் பிப்ரவரியில் அது என் கருவிக்கு எட்டாத மங்கல். ஆனால் 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்ற சிறுகோள் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடக்கப்போகிறது. அதற்குள் துருப்பிடித்த கூரைத் தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டும்.