பேர் சராயில் ஆய்வேடு அச்சிட்ட அனுபவம்

தில்லியில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சிட்டுப் பைண்டிங் செய்ய வேண்டியவர்கள் பலரும், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் அருகிலுள்ள பேர் சராய்க்கே செல்கிறார்கள். அங்கே ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய ஜெராக்ஸ் கடையைப் பற்றித் தமிழ் ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் தமிழும் வெளியே இந்தியும் பேசி வளரும் தில்லிப் பிள்ளைகள் தமிழில் எழுதக் கற்கும் முறையே என் ஆய்வுப் பொருள். அவர்களுடைய கட்டுரைகள்தாம் தரவு. அவற்றிலுள்ள பிழைகள்தாம் அந்தத் தரவின் உயிர். ‘பஸ் வந்தாள்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இந்தியில் அஃறிணைக்கெனத் தனிப் பால் கிடையாது. பஸ் அங்கே பெண்பால் என்பதால், தமிழிலும் அதற்கு அந்த விகுதியையே கொடுத்துவிட்டாள். கற்பவர் மொழியை எப்படிக் கட்டிக்கொள்கிறார் என்பதற்கு அவருடைய பிழைகளே சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதியதிலிருந்து, எங்கள் துறையில் இத்தகைய வாக்கியங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நான் முதலில் அணுகிய இணையவழி மெய்ப்புத் திருத்தச் சேவையோ, எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தும், ‘பஸ் வந்தது’ என்று மாற்றி, ‘மளை’யை ‘மழை’யாக்கி, பின்னிணைப்பு முழுவதையும் செம்மைப்படுத்தி அனுப்பிவிட்டது. தமிழாசிரியர் மகிழ்வார், ஆய்வாளருக்கு நெஞ்சு வலிக்கும்.

பேர் சராய்க் கடைக்காரருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. ஆயினும் 280 பக்கங்களையும் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தவர், ஓரிடத்தில் கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்பதைக் கண்டு, “மேடம், இந்த வட்டம் உங்கள் எழுத்தா?” என்று இந்தியில் கேட்டார். இந்தியின் தேவநாகரி எழுத்திலும் மாத்திரை எனப்படும் உயிர்க்குறி தனியே பிரிந்தால் அதே வட்டம் தோன்றும் என்பது அவருக்குத் தொழில் வழியே தெரிந்திருக்கிறது. எழுத்துரு பிடிஎஃப் கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பதையும் அவரே சரிபார்த்தார். பொதியாவிட்டால் வேறு கணினியில் எழுத்துகள் சிதைந்துவிடலாம். பட்டம் கிடைத்தபின் ஆய்வேட்டின் மின்படி, ஆய்வேடுகளை இணையத்தில் தொகுத்து வைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்துக்குப் போக வேண்டியிருப்பதால், இது சிறிய உதவியன்று.

ஐந்து படிகளை இரண்டு நாளில் தந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளின்படி ஆய்வைப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். என் ஆறாம் ஆண்டின் இறுதி வாரம் அது. ரெக்சின் அட்டை உறுதியாக இருக்கிறது. தாளும் குறை சொல்லும்படி இல்லை.

குறைகளும் உண்டு. அட்டையின் முதுகில் பொன்னெழுத்தைத் தமிழில் பதிக்க வசதியில்லாததால், தமிழ் கற்பித்தல் பற்றிய ஆய்வேடு ஆங்கிலத் தலைப்போடுதான் அலமாரியில் நிற்கிறது. கேட்டால்தான் ரசீது எழுதுகிறார். அதுவும் கடை முத்திரை இல்லாமல். உதவித்தொகையோடு ஆய்வுச் செலவுகளுக்காகத் தரப்படும் கன்டிஞ்சென்சித் தொகையில் இந்தச் செலவைக் காட்ட நினைப்பவர்கள், முத்திரையிட்ட ரசீது வேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.