நானோ டியூப் வாட்டர் ஃபில்டர், ஏழு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஏழு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதலாம்னு தான் இவ்ளோ நாள் வெயிட் பண்ணேன். எங்க வீட்டு பைப் ரொம்ப பழசு, தண்ணிய லேப்ல குடுத்தப்போ ஈயம் லிட்டருக்கு 31 மைக்ரோகிராம்னு வந்துச்சு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவே 10 தான். வீட்ல கைக்குழந்த இருக்கு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுவரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடிச்சோம், ஆனா அதுல கிருமி தான் சாகும், ஈயம் எங்கயும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

இந்த ஃபில்டரோட கார்ட்ரிட்ஜ் (அப்பப்போ மாத்துற உருளை) உள்ள இருக்கிறது கார்பன் நானோ டியூப். கார்பன் தாள பாய் மாதிரி சுருட்டுன குழாய்னு வச்சுக்கோங்க, தலமுடிய விட பல்லாயிரம் மடங்கு மெல்லிசு. சும்மா டியூப் ஈயத்த அவ்வளவா பிடிக்காது, நைட்ரிக் ஆசிட்ல போட்டு எடுத்தா மேல ஆக்சிஜன் சேந்த கொக்கிங்க மாதிரி வந்துடும், அதுல நெகட்டிவ் சார்ஜ் இருக்கும், ஈயம் பாசிட்டிவ், போய் ஒட்டிக்கும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி இப்படி ஆசிட்ல போட்டு எடுத்த, அதாவது ஆக்சிடைஸ் பண்ண டியூபான்னு கண்டிப்பா கேளுங்க.

மாட்டின முதல் வாரமே லேப்ல குடுத்தேன், 2க்கும் கீழ. ரிப்போர்ட்ட பாத்ததும் தான் மூச்சே வந்துச்சு.

கூடவே ஃப்ரீயா ஒரு டிடிஎஸ் மீட்டர் குடுத்தாங்க, அத ஏன் குடுத்தாங்கன்னே புரியல. ஃபில்டருக்கு முன்னாடி 280, பின்னாடி 278. இது வேலையே செய்யலன்னு வீட்டுக்காரர் கழட்டப் போயிட்டாரு! அந்த மீட்டர் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல மொத்த உப்பத்தான் காட்டும், ஈயத்தோட கணக்கு அதுல ஆயிரத்துல ஒரு பங்கு, அதுல எப்படித் தெரியும். லேப் டெஸ்ட் தவிர வேற வழியே இல்ல.

கார்ட்ரிட்ஜ் ஒரு வருஷம் வரும்னு பாக்ஸ்ல போட்டிருக்கு, எங்களுக்கு ஆறாவது மாசமே 7 மைக்ரோகிராம் ஆயிடுச்சு, நான் உடனே மாத்திட்டேன். எங்க தண்ணி உப்புத் தண்ணி, கால்சியமும் மெக்னீசியமும் அதே இடத்துக்குப் போட்டி போடும், அதனாலயும் இருக்கலாம்.

எனக்கு கோவமே வந்தது ஆர்சனிக் விஷயத்துல தான். ஈயம் மாதிரியே தண்ணியில கலந்திருக்கக்கூடிய இன்னொரு விஷமான ஆர்சனிக்கையும் எடுக்கும்னு பாக்ஸ்ல இருக்கு. ஆனா தண்ணியில அது நெகட்டிவ்வா இல்லன்னா சார்ஜே இல்லாம தான் இருக்கும், இந்த டியூப்ல எப்படி ஒட்டும், மேல இரும்பு ஆக்சைடு மாதிரி ஏதாவது பூசணும். மெயில் போட்டுக் கேட்டேன், அப்படி எதுவும் பூசலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆர்சனிக் பிரச்சன இருக்கிறவங்க தயவுசெஞ்சு இத நம்பி குடிச்சிடாதீங்க.

டியூப் உதிர்ந்து தண்ணியில வருமான்னு பயம் இருக்கிறவங்களுக்கு, அது நியாயமான பயம் தான். நீளமான விறைப்பான டியூப் எலி உடம்புல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி பாதிப்பு பண்ணுதுன்னு 2008லயே ஆராய்ச்சி வந்துடுச்சு. நான் உதிர்வு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்கினதுக்கப்புறம் தான் மாட்டினேன், அது இல்லாம வாங்காதீங்க, காஞ்ச கார்ட்ரிட்ஜ உடைச்சும் பாக்காதீங்க.

ஈயத்துக்கு மட்டும்னா 5க்கு 4, பாக்ஸ்ல போட்ட பொய்யால 3. மாத்துன பழைய கார்ட்ரிட்ஜ் உள்ள ஆறு மாச ஈயம் இருக்கு, குப்பையில போட மனசு வரல, கம்பெனியில திரும்ப எடுத்துக்கிறோம்னு சொன்னாங்க, இன்னும் ஆள் வரல, ரெண்டு கவர் போட்டுக் கட்டி குழந்த கைக்கு எட்டாம பரண் மேல வச்சிருக்கேன்.