அக்குள் ஓரக் கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சை: பாதுகாப்பு குறித்து ஒரு மதிப்புரை

ரவிக்கையின் கைக்குழியை ஒட்டி, மார்புக்கும் தோளுக்கும் இடையே பிதுங்கி நிற்கும் சதையைக் கத்தியின்றிக் குறைத்துத் தருவதாகச் சென்னையில் பல அழகியல் சிகிச்சை மையங்கள் விளம்பரம் செய்கின்றன. உடல் எடை குறைந்த பிறகும் அந்த இடம் மட்டும் கரையாததால், ஒரு தோல் மருத்துவமனையில், கொழுப்பைக் குளிரால் உறையவைக்கும் கூல்ஸ்கல்ப்டிங் கருவியின் மூலம் இருபுறமும் இச்சிகிச்சையைச் செய்துகொண்டேன். எவ்வளவு இளைத்தது என்பதைவிட, உடலின் இந்தப் பகுதியில் இதைச் செய்வது எவ்வளவு பாதுகாப்பானது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன், ஏனெனில் விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

தோலையும் தசையையும்விடக் கொழுப்புச் செல்கள் குளிரை எளிதில் தாங்குவதில்லை. ஐஸ் குச்சியை வாயில் வைத்துச் சப்பிய குழந்தைக்குக் கன்னத்தின் உட்கொழுப்பு அழற்சி கண்டது 1970ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் பன்றிகளிடம் நடத்திய சோதனையின் முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். அதிலிருந்தே இக்கருவி உருவானது. குளிரால் சிதைந்த செல்களை உடலே இரண்டு மூன்று மாதங்களில் மெல்ல அகற்றிவிடுகிறது. குறையும் அளவு, அந்த இடத்துக் கொழுப்பு அடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இக்கருவியை முதலில் 2010இல் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கு அனுமதித்தது. கையின் மேற்பகுதியும், உள்ளாடைப் பட்டியை ஒட்டிப் பிதுங்கும் சதையும் அந்தப் பட்டியலில் பின்னரே சேர்ந்தன. அக்குளின் குழி அதில் இல்லை. கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும், நரம்புப் பின்னலும், நிணநீர் முடிச்சுகளும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இடம் அது என்பதால், "அக்குள் கொழுப்பு" என்று மையத்தார் பொதுவாகச் சொல்லும்போது கருவியைச் சரியாக எந்த இடத்தில் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். எனக்கு மருத்துவர் பேனாவால் எல்லை வரைந்து, குழிக்கு வெளியே, முன்புற மடிப்பில் மட்டுமே வைத்தார்.

இன்னொரு கேள்வி அதைவிட முக்கியமானது: பிதுங்கி நிற்பது கொழுப்புதானா? பல பெண்களுக்கு அக்குளில் கூடுதல் மார்பகத் திசு இருப்பதுண்டு. மாதவிலக்கை ஒட்டியோ கர்ப்ப காலத்திலோ அது வீங்கி வலிக்கும். சுரப்பித் திசு என்பதால் கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சையால் அது கரையாது. நெறி கட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காசநோயும் மார்பகப் புற்றுநோயும்கூட முதலில் அக்குளில் ஒரு கட்டியாகத் தலைகாட்டலாம். இதற்கு முன் நான் விசாரித்த வேறொரு மையத்தில், மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆலோசகர் ஒருவர் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தள்ளுபடிக் கட்டணத்தை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். சிகிச்சை செய்துகொண்ட இடத்திலோ, தோல் மருத்துவர் மார்பையும் இரு அக்குள்களையும் கையால் பரிசோதித்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை வந்த பிறகே நாள் குறித்தார். இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் நல்ல மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான்.

சிகிச்சையின்போது தோலின் மேல் ஈரமான ஜெல் துணியை ஒட்டி, அதன்மேல் கிண்ணம் போன்ற முனையை வைத்துச் சதையை உள்ளே உறிஞ்ச விடுகிறார்கள். அந்த ஜெல் துணிதான் தோலைப் பனிப்புண்ணிலிருந்து காப்பது. அது மடிந்தாலோ, நழுவினாலோ, துணி இல்லாமலே மலிவான போலிக் கருவியை வைத்தாலோ தோல் வெந்துபோகும். மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் 35 நிமிடங்கள். முதல் சில நிமிடங்கள் சுரீரென்று கடுத்தது, பிறகு மரத்துவிட்டது. முனையை எடுத்தபோது சதை வெண்ணெய்க் கட்டியைப் போல விறைத்து நின்றது. அதைப் பிசைந்துவிட்ட இரண்டு நிமிடங்களே எனக்கு அதிகம் வலித்தவை. கன்றிய நிறம் விரைவில் மறைந்தாலும், கையைத் தூக்கும்போது மரமரப்பு சில வாரங்கள் நீடித்தது. இது பெரும்பாலோருக்கு ஏற்பட்டுத் தானே நீங்கும் விளைவு. ஆனால் விரல்களில் வலுக் குறைவோ, கை இயக்கத்தில் தடையோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. கையின் மேற்பகுதியில் இச்சிகிச்சைக்குப் பின் தசையை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்ட நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

அரிதாக, உறையவைத்த இடம் இளைப்பதற்குப் பதில் சில மாதங்களில் கெட்டியாகப் பெருத்துவிடுகிறது. இது 2014இல் முதன்முதலாக மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இது நேர்ந்ததை 2021இல் வெளிப்படுத்தி வழக்குத் தொடுத்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. வழக்கு 2022இல் சமரசத்தில் முடிந்தது. கருவியை ஒருமுறை வைத்து உறையவைப்பதை ஒரு சுழற்சி என்கிறார்கள்; 4,000 சுழற்சிகளுக்கு ஒன்றில்தான் இப்படி நேரும் என்று தயாரிப்பு நிறுவனம் கூறிவந்தது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அதைவிட அதிகம் என்கின்றன. பெருத்த சதை தானாகக் குறையாது, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷனோ வேறு அறுவைச் சிகிச்சையோதான் வழி. கத்திக்கு அஞ்சி இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

கிரையோகுளோபுலினீமியா (குளிரில் இரத்தப் புரதங்கள் திரளும் நோய்), குளிர் அக்ளூட்டினின் நோய் (குளிரில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய்), குளிரால் சிறுநீரில் இரத்த நிறமி வெளியேறும் நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை கூடவே கூடாது. குளிர் பட்டால் தோல் தடிப்பவர்களும், விரல்கள் வெளுத்துப்போகிறவர்களும், கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. உடல் நிறைக் குறியீடு 30க்கு மேல் இருந்தால் உள்ளாடைப் பட்டிச் சதைக்கான அந்த அமெரிக்க அனுமதி பொருந்தாது.

எனக்கு மடிப்பு ஓரளவு இளைத்தது. ரவிக்கை முன்போல் அழுத்துவதில்லை. ஸ்கேன் எடுத்துக் கொழுப்புதான் என்று உறுதிசெய்து, பயிற்சி பெற்ற தோல் மருத்துவரின் மேற்பார்வையில் செய்தால் இதைப் பரிந்துரைப்பேன். ஒரு குறை மட்டும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் சதை பெருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது, அப்படி நேர்ந்தால் சரிசெய்யும் செலவு யாருடையது என்பது இல்லை. கேட்டபோது, நோயாளியே ஏற்க வேண்டும் என்றார்கள். அந்தக் கேள்வியைப் பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.