நீதிமன்ற நேரலைச் சேனல்: ஒரு பழைய கோர்ட் ஸ்டெனோவின் விமர்சனம்

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கும்போதெல்லாம் நான் அதிகம் பார்ப்பது கிரிமினல் வழக்கு விசாரணைகளை நேரலையாகக் காட்டும் ஒரு சேனல். கோர்ட்டில் ஸ்டெனோவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் கேள்விக்கு வக்கீல் எழுந்து நிற்கிறார், நீதிபதி எப்போது பேனாவைக் கீழே வைக்கிறார் என்று பார்த்தே பழகிய கண். சேனலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒருவரைப் பற்றிச் சொன்னால் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

சேவை எளிமையானது. விளம்பரத்தோடு பார்த்தால் இலவசம், மாதக் கட்டணம் கட்டினால் விளம்பரம் இல்லை. நேரலை ஒரு பக்கம், பழைய வழக்குகளின் பதிவுகள் இன்னொரு பக்கம். படமும் ஒலியும் நன்றாக இருக்கின்றன. நான் அதிக நேரம் செலவிட்டது பழைய பதிவுகளில்தான், அதிலும் இனம் சம்பந்தப்பட்ட பெரிய வழக்குகளில். காரணம், 1991-இல் கோர்ட் டிவி தொடங்கிய நாளிலிருந்து இந்த வகைச் சேனல்களுக்குப் பெயரும் பணமும் வாங்கித் தந்தவற்றில் பெரும்பங்கு அந்த வழக்குகளுக்குத்தான். ‘நீதிமன்றத்துக்கு உள்ளே போய் நீங்களே பாருங்கள்’ என்பதுதான் இவர்கள் விற்கும் சரக்கு. அந்தச் சரக்கு எவ்வளவு தேறும் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அகமது ஆர்பரி வழக்கின் பதிவைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியா மாநிலம் பிரன்ஸ்விக் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த 25 வயது கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தி, அதில் ஒருவர் சுட்டுக் கொன்ற வழக்கு. மறுவருடம் நவம்பரில் விசாரணை. ஒரு நாள், ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) வெளியே இருக்கும் நேரத்தில், எதிர்த்தரப்பு வக்கீல், அதாவது குற்றம்சாட்டப்பட்டவர்களின் வக்கீல் ஒருவர் எழுந்து, பார்வையாளர் வரிசையில் இனிமேல் கறுப்பினப் பாதிரியார்கள் யாரும் வந்து உட்காரக் கூடாது என்கிறார். திறந்த கோர்ட்டில், சர்வ சாதாரணமாக! இந்த மாதிரிப் பேச்சு நான் வேலை பார்த்த காலத்தில் பேப்பரில் ஏறினால்தான் உண்டு, ஏறாவிட்டால் காற்றோடு போயிற்று. இங்கே நாடே கேட்டது. அடுத்த வாரம் நூற்றுக்கணக்கான பாதிரியார்கள் கோர்ட் வாசலில் வந்து நின்றார்கள்.

அதே வழக்கின் இறுதி வாதத்தில் இன்னொரு வக்கீல் இறந்துபோனவரின் நீண்ட, அழுக்கான கால் நகங்களைப் பற்றிப் பேசினார். பையனின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். தண்டனை சொல்லும் நாளில் நீதிபதி டிமதி வாம்ஸ்லி ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் துரத்தப்பட்டு ஓடிய நேரத்தில் அது ஒரு சிறு பகுதிதான் என்று சொல்லிவிட்டுத்தான் அப்படி உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிடத்தை ஸ்டெனோ எப்படிப் பதிவு செய்திருப்பார் என்று எனக்கு யோசனை ஓடியது. எழுத்தில் அது ஒரு வரிகூட வராது. கேமராவில் முழுதாக இருக்கிறது. இதற்காக மட்டுமே இந்தச் சேனலுக்கு மூன்று நட்சத்திரம் தருவேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். இந்த விசாரணைகளில் தீர்ப்புச் சொல்வது நீதிபதி இல்லை, பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. அவர்களைக் காட்டக் கூடாது. அது நியாயமான விதி, முகம் தெரிந்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து. முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் ஒரு மாற்று ஜூரி உறுப்பினரின் முகம் கண்ணிமைக்கும் நேரம் திரையில் வந்துவிட்டதற்கே நீதிபதி லான்ஸ் இட்டோ கேமராவை எடுத்துவிடுவேன் என்று மிரட்டினார். சரி, முகம் வேண்டாம். ஆனால் ஜூரி எப்படி அமைந்தது என்பதையாவது சொல்லலாமே?

ஆர்பரி வழக்கில் கடைசியில் உட்கார்ந்தவர்கள் பதினோரு வெள்ளையர், ஒரே ஒரு கறுப்பினத்தவர். அந்தக் கவுன்டியில், அதாவது மாவட்டத்தில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலரை இரு தரப்பு வக்கீல்களும் நீக்கலாம். எதிர்த்தரப்பு கறுப்பினத்தவர்களாகப் பார்த்து நீக்கியதை அரசு வக்கீல்கள் ஆட்சேபித்தார்கள். வேண்டுமென்றே பாகுபாடு நடந்திருப்பதாகவே தெரிகிறது என்று நீதிபதியே சொன்னார், சொல்லிவிட்டு அதே ஜூரியோடு விசாரணையைத் தொடரவும் விட்டார். ஏன் என்றால், 1986-இல் பேட்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட விதியின்படி, இனம் காரணமாக ஒருவரை நீக்கக் கூடாது. ஆனால் இனம் அல்லாத வேறு ஏதாவது ஒரு காரணத்தை வக்கீல் சொன்னால், அது பொய்ச்சாக்கு என்று நிரூபிக்க வேண்டிய பாரம் ஆட்சேபிப்பவர் தலையில். சாக்குச் சொல்லத் தெரியாத வக்கீலை நான் பார்த்ததில்லை.

மூவருக்கும் தண்டனை கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. மிசிசிப்பியில் கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே கொலைவழக்கில் ஆறு முறை விசாரித்தார்கள். ஆறிலும் சேர்த்து, தன்னால் நீக்க முடிந்த 42 கறுப்பின ஜூரி வேட்பாளர்களில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவர்களிடம் அரசு வக்கீல் கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் உட்கார்ந்த பதினோரு வெள்ளையர்களிடம் கேட்டவை மொத்தமே 12. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, மறுவருடம் வழக்கையே கைவிட்டார்கள். அதற்குள் இருபது வருடத்துக்கு மேல் சிறை. சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே வழக்கின் தலையெழுத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் பார்க்கும் சேனலோ ஜூரி தேர்வு என்றாலே வேறு வழக்குக்குத் தாவிவிடுகிறது. ‘முதல் வாக்குமூலம் தொடங்கும்போது திரும்பி வருகிறோம்’ என்று ஒரு அட்டை மட்டும் தொங்கும். சுவாரஸ்யம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். நாள்கணக்கில் ஒரே கேள்வி, ஒரே பதில். ஆனாலும் முழு விசாரணையையும் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் அதை விழுங்கக் கூடாது.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது, இதில் சேனலைக் குற்றம் சொல்லவும் முடியாது. கூட்டாட்சி (ஃபெடரல், அதாவது மத்திய அரசின்) கோர்ட்டுகளில் நடக்கும் கிரிமினல் விசாரணைகளில் கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆர்பரி வழக்கு மாநிலக் கோர்ட்டில் நடந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால்தான் துரத்தினார்கள் என்ற பேச்சை அரசு வக்கீல் இறுதி வாதம் வரை ஏறக்குறைய எடுக்கவே இல்லை. பதினோரு வெள்ளையர் முன்னால் அப்படி அடக்கி வாசித்தது சாமர்த்தியமாக இருக்கலாம். 2022 பிப்ரவரியில் கூட்டாட்சிக் கோர்ட்டில் நடந்ததுதான் வெறுப்புக் குற்ற விசாரணை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் போனில் அனுப்பிய இனவெறிச் செய்திகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. எட்டு வெள்ளையர், மூன்று கறுப்பினத்தவர், ஒரு ஹிஸ்பானியர் கொண்ட ஜூரி மூவரையும் குற்றவாளிகள் என்றது. இனத்தைப் பற்றிப் பேசாத விசாரணை நம் திரையில் வாரக்கணக்கில் ஓடுகிறது. இனமே வழக்கான விசாரணையில் ஒரு விநாடி கூட இல்லை.

ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரின் வழக்கிலும் இதே கதைதான். 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் அவரை அடித்தது வீடியோவில் பதிவாகி உலகமே பார்த்தது. விசாரணையை நகரத்திலிருந்து எடுத்து, வெள்ளையர் அதிகம் வாழ்ந்த புறநகரான சீமி வேலிக்கு மாற்றினார்கள். ஜூரியில் ஒரு கறுப்பினத்தவர் கூட இல்லை. 1992 ஏப்ரல் 29 அன்று, போலீஸார் யாருக்கும் தண்டனை இல்லை என்று வந்த தீர்ப்பு நேரலையில் போனது, அன்று மாலையே நகரம் எரிந்தது, அறுபதுக்கு மேல் உயிர்கள். மறுவருடம் கூட்டாட்சிக் கோர்ட்டில் இரண்டு போலீஸாருக்குத் தண்டனை கிடைத்தபோது கேமரா இல்லை. சிம்ப்சன் மீதான 1997 சிவில் வழக்கில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஜூரி அவரைப் பொறுப்பாளி என்று சொன்னது. அங்கும் கேமரா இல்லை. ஆக, மக்கள் மனதில் பதிந்திருப்பது எல்லாம் முதல் விசாரணை.

சிம்ப்சன் பதிவை நிறைய பேர் தேடிப் பார்ப்பதால் ஒரு விஷயம். அதில் மார்க் ஃபர்மன் என்ற போலீஸ் துப்பறிவாளரின் ஒலிநாடாக்கள் வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள். கறுப்பினத்தவர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைப் பத்து வருடமாகப் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்தவர், நாடாவில் அதைத் தாராளமாகப் பேசுகிறார். ஜூரி இல்லாத நேரத்தில் நாடா ஓடியது, வீட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஜூரிக்கு நீதிபதி அனுமதித்தது இரண்டே துணுக்குகள். பிற்பாடு பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டை ஃபர்மன் எதிர்த்து வாதாடவில்லை. 1995 அக்டோபர் 3 அன்று சிம்ப்சனுக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தபோது கறுப்பினத்தவர்கள் பலர் ஆரவாரித்ததும் வெள்ளையர்கள் பலர் வாயடைத்து நின்றதும் பக்கத்துப் பக்கத்தில் காட்டப்பட்டன. அந்த ஆரவாரம் சிம்ப்சனுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் சீமி வேலித் தீர்ப்பை மறந்தவர்கள். இடையில் மூன்றரை வருடம்தான்.

சேனலின் அரட்டைக் குழு விவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாட்சி தண்ணீர் குடித்தால் அதற்கு ஒரு நிபுணர். ஒலியை அணைத்துவிட்டு காபி போடப் போய்விடலாம். பக்கவாட்டில் ஓடும் கருத்துப் பெட்டிதான் விஷம். ஒரே சாட்சி, ஒரே வாக்கியம். ஒருவர் ‘பொய்’ என்கிறார், இன்னொருவர் ‘இதற்கு மேல் என்ன ஆதாரம்’ என்கிறார். மாப்பிள்ளை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, இவங்க விசாரணையைப் பார்த்து முடிவுக்கு வரலை, முடிவை எடுத்துட்டு வந்து விசாரணை பார்க்கிறாங்க” என்றார். “அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க மாப்பிள்ளை, காலம் காலமா போலீஸ்கிட்ட அடி வாங்கின குடும்பத்துக்கு அந்த முடிவு சும்மா வரலை” என்றேன். கருத்துப் பெட்டியை மூடும் பொத்தான் அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடிக் கண்டுபிடித்து மூடிவிடுங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் டெரெக் ஷோவின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரரின் வழக்கிலிருந்து தொடங்கலாம். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கொலைக்காக மினியாபொலிஸில் 2021-இல் நடந்தது. மினசோட்டாவில் அதுவரை எந்தக் கிரிமினல் விசாரணையையும் முழுமையாக ஒளிபரப்பியதில்லை. கொரோனாவால் கோர்ட்டுக்குள் ஆட்களை விட முடியாததால்தான் நீதிபதி பீட்டர் கேஹில் கேமராவை அனுமதித்தார். சாட்சிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது அதற்கு முன்பு நடந்த ஜூரி தேர்வை. முகம் இல்லை, பெயர் இல்லை, எண் மட்டும். ஆனால் குரல் கேட்கும். போலீஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், பிளாக் லைவ்ஸ் மேட்டர் (‘கறுப்பினத்தவர் உயிருக்கும் மதிப்புண்டு’) இயக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். தயங்கித் தயங்கிச் சொன்ன பதில்களைக் கேட்டால், பன்னிரண்டு பேர் எப்படிப் பொறுக்கப்படுகிறார்கள் என்பது விளங்கிவிடும். கடைசியில் ஆறு வெள்ளையர், நான்கு கறுப்பினத்தவர், கலப்பினத்தவர் இருவர். தீர்ப்பு மூன்று பிரிவிலும் குற்றவாளி. இதே மாதிரி மற்ற இடங்களிலும் செய்யலாம், யாருக்கும் ஆபத்தில்லை.

மொத்தத்தில் ஒளிபரப்புக்கு நான்கு, எதைக் காட்டுவது என்ற தேர்வுக்கு இரண்டு, விவாதக் குழுவுக்கு ஒன்று. மாதக் கட்டணம் வேண்டாம். விளம்பரம் வரும்போது எழுந்து நடந்தால் முழங்காலுக்கு நல்லது.

திரையின் அடியில் ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். குற்றம்சாட்டப்பட்டவரின் வயது, வழக்கின் நாள் எண் எல்லாம் அதில் வருகிறது. விசாரணை எந்தக் கவுன்டியில், ஜூரியில் யார் யார், எத்தனை பேர் எந்தத் தரப்பால் நீக்கப்பட்டார்கள் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லிச் சேனலுக்கு எழுதிப் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது, கூடவே கட்டணத் திட்டத்தில் தள்ளுபடி உண்டு என்று ஒரு அறிவிப்பும்.