வள்ளக்காரர்கள் கவனத்திற்கு: எஞ்சினைத் திறக்காமலே 'கிராங்க் சீல் மாற்றினேன்' என்று பில் போட்ட பட்டறை

குமரி மாவட்டத்து நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்து வள்ளம் ஓட்டுபவர்களில் பலர், பழுது என்றால் எல்லை தாண்டி கேரளத்து விழிஞ்ஞம் பக்கத்துப் பட்டறைகளுக்குத்தான் எஞ்சினைக் கொண்டு போகிறோம். அங்கே கைசுத்தமான மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் என் மைத்துனரும் கூட்டாக வைத்திருக்கும் பைபர் வள்ளத்தின் எஞ்சினுக்கு ஒரு பட்டறையில் நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கரையேற்றி நிறுத்திய எஞ்சினின் அடியில், புரொப்பல்லருக்குக் கீழே உள்ள துடுப்பின் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஸ்டார்ட் ஆவதிலோ மெதுவாக ஓடுவதிலோ எந்தக் குறையும் இல்லை. பட்டறைக்காரர் புரொப்பல்லரைக் கழற்றவில்லை, கியர் ஆயிலை இறக்கிப் பார்க்கவும் இல்லை. "மேலே கிராங்க் சீல் போய்விட்டது, எஞ்சின் ஆயில்தான் இறங்கி வருகிறது, ஹெட்டைத் திறந்து ரிங்கும் மாற்ற வேண்டும்" என்று நின்ற நிலையிலேயே தீர்ப்புச் சொல்லி, 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். (கிராங்க் சீல் என்பது எஞ்சினுக்குள் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்.) "சேட்டா, பழைய சீலைக் காட்டுங்கள்" என்று மைத்துனர் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. பில் என்ற பெயரில் கிடைத்த காகிதத்தில் 'எஞ்சின் வேலை, சீல், ரிங்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நம் கரையில் ஓடும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில், மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து போகும் ஆயில் அங்கேயே எரிந்துவிடுகிறது. எரியாத மிச்சம் புகையோடு புரொப்பல்லர் வழியாகக் கருப்பாக, நீர்த்து, மண்ணெண்ணெய் வாடையோடு வெளியே வரும். ஆயில் நிரப்பி வைக்கும் ஒரே இடம் கீழே உள்ள கியர் பெட்டிதான். அந்த ஆயில் விரலில் கொழகொழவென்று ஒட்டும், கந்தக வாடை அடிக்கும். கிராங்க் சீல் போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போனால் ஸ்டார்ட் ஆக மறுக்கும், மெதுவாக ஓடும்போது தடுமாறும். எங்கள் எஞ்சினில் இரண்டும் இல்லை.

வேலை முடித்துக் கொண்டுவந்த எஞ்சினில் அதே இடத்தில் அதே கசிவு. திரும்பிப் போய்க் கேட்டபோது, புது சீல் படியும் வரை அப்படித்தான் இருக்கும் என்றார். அதற்குப் பிறகுதான் தூத்தூரில் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் முதலில் கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தினார்; பால் ஊற்றிய காப்பி நிறத்தில் ஆயில் இறங்கியது, அதாவது ஆயில் வெளியேறிய வழியிலேயே கடல்நீர் உள்ளே போயிருந்தது. புரொப்பல்லரைக் கழற்றியதும், ஷாஃப்டைச் சுற்றி அறுந்த தங்கூஸ் நரம்பு (நைலான் இழை) இறுகச் சுற்றி, சூட்டில் உருகி, அங்கே கியர் ஆயிலைத் தடுத்து நிற்கும் சீலின் உதட்டை வெட்டியிருந்தது தெரிந்தது. மேல் ஸ்க்ரூ துளையில் கைப்பம்பால் கொஞ்சம் காற்று ஏற்றி (அதிகம் அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்) தண்ணீர் டிரம்மில் முக்கியபோது, ஷாஃப்டு ஓரத்தில் மட்டும் குமிழி வந்தது. கியர் கம்பி நுழையும் இடத்திலும் ஸ்க்ரூ வாஷர்களிலும் இல்லை. ஷாஃப்டின் இரண்டு சீலும் புது வாஷர்களும் போட்டு, கீழ்த்துளை வழியாக ஆயில் ஏற்றி, மேலே வழிந்ததும் மேல் ஸ்க்ரூவை முதலில் மூடி, பிறகு கீழ் ஸ்க்ரூவை மூடினார். சில நூறு ரூபாய்தான் செலவு. கசிவு நின்றுவிட்டது.

இதற்கு நடுவே அவர் மேல்மூடியைக் கழற்றிக் காட்டியதுதான் எங்களை உறைய வைத்தது. ஹெட் போல்ட்டுகளின் மேல் கம்பெனி பெயிண்ட் விரிசலில்லாமல் அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் பழைய உப்புப் படிவுகூடக் கலையவில்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் பெயிண்ட் உடையாமல் இருக்காது. எங்கள் எஞ்சினில் கிராங்க் சீல் மாற்றுவதற்கு எஞ்சினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த இணைப்பு போல்ட்டுகளிலும் கை பட்ட அடையாளம் இல்லை. தவறான கணிப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவது வேறு. அதுவும் ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலத்தில், சிறு வள்ளத்து மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில்.

போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். பட்டறை கேரளத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சுயமாகத் தொழில் செய்து பிழைப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், கால வரம்பு 2 ஆண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனு தயாராகிறது. அண்மையில் அந்தப் பக்கம் 'ஹெட் வேலை' செய்து வந்தவர்கள், அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன் மேல்மூடியைக் கழற்றி அந்த போல்ட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயிண்ட் உடையாமல் இருந்தால், எதையும் தொடாமல் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.