ஆவாரைக் குடிநீர்: மாதக்கணக்கில் குடித்தால் எது இறங்கும், எது இறங்காது

ஆவாரம்பூ டீயும் ஆவாரைக் குடிநீரும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் இந்தச் சித்த மருத்துவக் குடிநீரில் ஏழு சரக்கு: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை. வாங்கும்போது கடலழிஞ்சில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சோற்று மாவையும் சீனியையும் குடலில் உடைக்கும் என்சைமை அது மந்தப்படுத்தும். சர்க்கரை நோய்க்கான அகார்போஸ் மாத்திரை செய்கிற அதே வேலைதான். இலங்கையில் அதன் கட்டையைக் குடைந்து குவளையாக்கி, இரவெல்லாம் நீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்கள்.

தூள் ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். மைதா மாதிரி அரைத்தால் கஷாயம் கூழாகிவிடும், துணியில் வடியாது. 10 கிராமை ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். 240 மி.லி. தண்ணீரில் போட்டு, மூடாமல், சிறுதீயில் 60 மி.லி. ஆகச் சுண்டவிட்டு வடிகட்டி, சாப்பாட்டுக்கு முன் குடிக்க வேண்டும். காலையும் மாலையும் புதிதாகக் காய்ச்சுவதே சரி. ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிப்பது கூடாது.

மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கஷாயம் மை போலக் கறுத்துவிடும். பட்டைகளிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வருவது அது. (ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியதும் இந்தத் துவர்ப்புக்காகத்தான்.) வயிற்றுக்குள்ளும் இதே கதை நடக்கும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடாவிட்டால் மாத்திரை வீண்.

ஆரம்பத்தில் வயிறு உப்புசம், கடமுடா, காற்றுப் பிரிதல் வரலாம். உடைபடாத மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளிப்பதால் வருகிறது. பாதி அளவில் தொடங்கினால் குறையும். சிலருக்குத் துவர்ப்பால் மலம் கட்டும்.

பலன் பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரச் சர்க்கரையில்தான் தெரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரிதாக அசையாது, அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களே அதிகம். அசைவே தெரியாதவர்களும் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யைத் தொடங்கும்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று எடுத்து ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கும் அளவுக்கு இதில் வலு கிடையாது. நான்கே நாளில் சர்க்கரை சரசரவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அந்தப் பொடியில் இங்கிலீஷ் மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்க்கக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் வழக்கம்போல் சாக்லேட், சீனி கொடுத்துப் பயனில்லை. சீனியை உடைக்கும் என்சைமைத்தான் கடலழிஞ்சில் மந்தப்படுத்தி வைத்திருக்கிறதே! 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கவும். அறுவை சிகிச்சை முடிவானால் இதைக் குடிப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடவும்.